வலது உள்ளங்கைக்கு ஒரு தாங்கி

நீண்ட மோட்டார் சைக்கிள் பயணங்களில் எனக்கு முதலில் சோர்வது முதுகோ இடுப்போ அன்று, வலது கைதான். இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் கட்டைவிரலின் அடிச்சதை இறுகி வலிக்கும். பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இடது கைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இடது கை கைப்பிடியின் மேல் தளர்வாகத் தங்கியிருக்கலாம். வலது கையோ, ஆக்சிலரேட்டரை மூடிவிடத் துடிக்கும் சுருள்வில்லை எதிர்த்து, அதை இடைவிடாமல் முறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடியின் வேலையை விரல்களிடமிருந்து வாங்கி உள்ளங்கையிடம் கொடுப்பதுதான் ‘த்ராட்டில் அசிஸ்ட்’ எனப்படும் சிறிய பிளாஸ்டிக் தாங்கி. பிளவுபட்ட ஒரு வளையமும், அதிலிருந்து பின்னோக்கி நீளும் தட்டையான ஒரு நாக்கும் மட்டுமே அதன் உறுப்புகள்.

அதை மாட்டுவதற்கு முன் நான் செய்த வேறொரு வேலையை முதலில் சொல்ல வேண்டும். பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் மிகவும் மேல்நோக்கி இருந்ததால், விரல்களை அவற்றின் மேல் வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கியது. இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் மூன்றும் ஒரே கோட்டில் வருமாறு லீவர்களைக் கீழே திருப்பி, போல்ட்டுகளை மீண்டும் இறுக்கினேன். முன்பக்க டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் திரவக் குப்பி பெரும்பாலும் லீவரோடு சேர்ந்தே திரும்பும்; அது அதிகம் சாய்ந்துவிடக் கூடாது. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் தாங்கியை மட்டும் வாங்குவோருக்கு அதன் பயன் பாதிதான் கிடைக்கும் என்பது என் கருத்து.

மாட்டுவது சில நிமிட வேலை. கைப்பிடியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வளையத்தை விரித்துப் பொருத்தினேன். உராய்வு ஒன்றினாலேயே அது நிற்பதால் நழுவாமலிருக்க உள்ளே பழைய டியூப் ரப்பரில் ஒரு பட்டை வைத்தேன். இதில் கவனம் தேவைப்படும் இடம் கைப்பிடியின் வெளிமுனை. அங்கிருக்கும் எடைக்கட்டி ஹேண்டில்பாரோடு அசையாமல் நிற்பது, கைப்பிடியோ சுழல்வது. வளையம் அந்த எடைக்கட்டியில் உரசினால் ஆக்சிலரேட்டர் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். எனவே இடைவெளி விட்டுப் பொருத்தி, எஞ்சினை அணைத்த நிலையில், ஹேண்டில்பாரை இடக்கோடி, நேர், வலக்கோடி என மூன்று நிலைகளிலும் வைத்து, முறுக்கி விட்டுப் பார்த்தேன். கையை எடுத்த கணமே கைப்பிடி ‘டக்’கென்று மூடிக்கொள்ள வேண்டும், மெதுவாகத் திரும்பினாலும் அதை ஏற்கக் கூடாது.

எனக்கு நேரம் பிடித்தது கோணத்தைச் சரிசெய்வதில்தான். முதலில் வண்டி நிற்கும்போதே நாக்கைக் கிடைமட்டமாக வைத்தேன். ஓட்டும் வேகத்துக்கு முறுக்கியதும் அது கீழே இறங்கிவிட, மணிக்கட்டும் அதனுடன் தாழ்ந்தது. நாக்கு முன்கையின் கோட்டில் இருக்க வேண்டியது நாம் நெடுநேரம் ஓட்டும் வேகத்தில். ஆகவே ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது அது சற்று மேல்நோக்கியே நிற்க வேண்டும். ஆனால் அதையும் மிகுதியாக உயர்த்தியபோது உண்மையான ஓர் ஆபத்தைக் கண்டேன். பிரேக்குக்காக விரல்களை நீட்டும் வேளையில் உள்ளங்கை நாக்கை அழுத்த, வேகம் குறைய வேண்டிய தருணத்தில் எஞ்சின் உறுமியது. வெறிச்சோடிய சாலையில் மெதுவாகச் சோதித்துக்கொண்டிருந்ததால் தீங்கு நேரவில்லை. கோணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே பெருஞ்சாலைக்குச் சென்றேன். நெரிசலான தெருக்களுக்குள் நுழையுமுன் வண்டியை நிறுத்தி, நாக்கு உள்ளங்கைக்கு எட்டாதபடி வளையத்தைத் திருப்பிவிடுகிறேன்.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் தாங்கி வெளிமுனைக்கு அருகில் இருந்தபோது கட்டைவிரல் வலி குறைந்தாலும் சுண்டுவிரல் மரத்துப்போவது கூடியது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தரும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதி வழியாக, தோலுக்கு அதிக ஆழமில்லாமல் செல்கிறது. நாக்கு அதே இடத்தில் அழுத்தியிருக்கிறது. தாங்கியை ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளியதும் பாரம் உள்ளங்கையின் நடு அடிப்பகுதிக்கு மாறியது.

ஆக்சிலரேட்டரைத் திறந்த நிலையிலேயே பூட்டி வைக்கும் த்ராட்டில் லாக்கையும் யோசித்துப் பார்த்தேன்; கையை எடுத்தால் தானாக மூடும் அமைப்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற முறை 300 கிலோமீட்டர் ஓட்டியபோது வலது கையால் கைப்பிடியை இறுகப் பற்றவே இல்லை. விரல்களைப் பெரும்பாலும் பிரேக் லீவரின் மேல் தளர்வாக வைத்திருந்தேன். கட்டைவிரல் வலி முற்றிலும் இல்லை. சுண்டுவிரலில் கடைசி ஒரு மணி நேரத்தில் இலேசான மரமரப்பு இருந்தது. அது எஞ்சின் அதிர்வால் வருவதாகத் தோன்றுவதால், அடுத்ததாக இரு கைப்பிடிகளுக்கும் ஃபோம் உறை போட்டுப் பார்க்கப் போகிறேன். உறை கைப்பிடியைத் தடிமனாக்கும் என்பதால் வளையம் அதன் மேல் பொருந்துமா என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.