குறைந்த விலையில் பெய்ட்காஸ்டர்: பேரிங் எண்ணிக்கையை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள்

மீன்பிடிக்க ஸ்பின்னிங் ரீலில் கை பழகி, விராலுக்குத் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் பெய்ட்காஸ்டர் பக்கம், அதாவது வீசும்போது ஸ்பூலே சுழன்று லைன் விடும் ரீல் பக்கம், வந்துவிடுவார்கள். அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஏரியில், செடிகளுக்கு நடுவே கையகல இடைவெளியில் லூரை இறக்க வேண்டும். லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்தி நினைத்த இடத்தில் நிறுத்தும் வசதி இதில்தான் உண்டு. கடித்த விரால் செடிக்குள் புகுவதற்குள் தடித்த பிரெய்டால் (இழைகளைப் பின்னிய லைன்) இழுத்துப்போடவும் இதுதான் தோது.

ஐயாயிரம் ரூபாய்ச் சுற்றில் தேடினால் முதலில் கண்ணில் படுவது '18+1 பேரிங்' என்ற பெரிய எழுத்து. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். வீச்சின்போது வேலை செய்வது ஸ்பூலைத் தாங்கும் இரண்டு பேரிங்தான். சில ரீல்களில் பினியன் என்ற சின்னக் கியர் பக்கம் ஒன்று கூடுதலாக இருக்கும். மிச்சமெல்லாம் கைப்பிடிக் குமிழிலும், லைனைச் சீராகப் பரப்பிச் சுற்றும் லெவல்வைண்டிலும் போய் உட்கார்ந்திருக்கும். தரமான நான்கு பேரிங் உள்ள ரீல், மட்டமான பதினெட்டை விட நன்றாக ஓடும். இந்த விலையில் பார்க்க வேண்டியது பிரேக், ஸ்பூல், டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) மூன்றும்தான். அதிலும் பிரேக் சரியில்லையென்றால் மற்ற இரண்டும் வீண்.

காரணம் இதுதான். வீசும்போது லூர் இழுக்க, ஸ்பூல் சுழல்கிறது. காற்று தடுத்து லூரின் வேகம் குறையும். ஸ்பூலோ அதே வேகத்தில் சுற்றும். வெளியே போக வழியில்லாத லைன் ஸ்பூலுக்குள்ளேயே பொங்கிச் சிக்கிக்கொள்ளும். பேக்லாஷ் என்பது இதுதான். ஸ்பூலின் வேகத்தை லூரின் வேகத்தோடு ஒட்டி வைப்பதே பிரேக்கின் வேலை.

பிரேக்கில் இரண்டு வகை. காந்த பிரேக்கில் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் ஒரு டயல் இருக்கும். திருப்பினால் காந்தம் ஸ்பூலுக்கு அருகே வரும். சுழலும் அலுமினியத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். உராய்வு இல்லை, தேய்மானமும் இல்லை. சென்ட்ரிஃபியூகல் வகையில் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய விட்டுக்கொடுப்பதால் தூரம் நன்றாகப் போகும். ஆனால் விலை குறைந்த ரீல்களில் இதை மாற்ற, பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஏரிக்கரையில் நின்று கழற்றினால் ஒரு கட்டை சேற்றில் விழும், விழுந்தது விழுந்ததுதான். முதல் ரீல் என்றால் காந்தமே போதும்.

இன்னொன்று. இந்த ரீல்கள் அமெரிக்க லார்ஜ்மவுத் பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே சாதாரணமாக எறிவது 3/8 முதல் 1/2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 10 முதல் 14 கிராம். நம் ஏரிகளில் பாஸ் கிடையாது; விராலுக்கு நாம் போடும் சின்னத் தவளைகள் பல 6, 8 கிராம்தான். அங்கே 'வெண்ணெய் மாதிரி ஓடுகிறது' என்று பாராட்டப்பட்ட ரீல் இங்கே காலடியில் லூரைப் போடும். விலை குறைந்த ரீலின் ஸ்பூல் ஆழமானது, கனமானது. அதைச் சுழற்றத் தொடங்கவே 7 கிராமுக்கு மேல் தேவை. 10 கிராமுக்கு மேற்பட்ட லூர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லைனைக் குறையுங்கள். ஏரியில் வீச்சு 20, 25 மீட்டர்தான். 60 மீட்டர் பிரெய்டு போதும். ஸ்பூலில் எடை குறைந்தால் சின்ன லூரும் போகும், சிக்கலும் குறையும்.

கடையில் கையில் எடுத்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'ஸ்மூத்தா இருக்கு' என்று சொல்வதில் பயனில்லை. புது ரீல் எல்லாமே ஸ்மூத்தாகத்தான் இருக்கும். கட்டைவிரல் பட்டனை அழுத்தி, ஸ்பூலை விரலால் தட்டிச் சுழல விடுங்கள். பிரேக் டயல் பூஜ்யத்தில் ஒரு முறை, உச்சத்தில் ஒரு முறை. நிற்கும் நேரத்தில் நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் டயல் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. கைப்பிடிப் பக்கமுள்ள டென்ஷன் குமிழைச் சிறிது சிறிதாக இறுக்கினால் ஸ்பூலின் பக்கவாட்டு ஆட்டம் மறைய வேண்டும். கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளுங்கள்; உடனே நிற்க வேண்டும், கால் சுற்று ஓடிவிட்டு நிற்கக் கூடாது. டிராக்கைப் பாதி இறுக்கி லைனைக் கையால் இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும். முதலில் அடம்பிடித்து, பிறகு வெடுக்கென்று விடும் டிராக்கில் பெரிய கொடுவா மாட்டினால் லைன் அறுந்துவிடும். பெட்டியில் 8 கிலோ டிராக் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டுக்கு 3 கிலோ சுற்றளவில் வைத்தாலே அதிகம். லக்கேஜ் எடை பார்க்கும் தொங்கு தராசை லைன் முனையில் மாட்டி இழுத்து அளந்துகொள்ளலாம்.

கியர் விகிதத்தில், அதாவது கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று என்பதில், ரொம்ப யோசிக்க வேண்டாம். தவளைக்கு 7.3:1, பொதுவாக எல்லாவற்றுக்கும் 6.3:1. 33 மி.மீ. ஸ்பூல் நிறைய லைன் இருந்தால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முறையே 75, 65 சென்டிமீட்டர் வரும். டைவா ஃபியூகோ சிடி ரீலின் மாடல் பெயரில் எச் என்றால் 6.3, எச்எஸ் என்றால் 7.3, எக்ஸ்எஸ் என்றால் 8.1, கடைசியில் எல் இருந்தால் இடக்கைக் கைப்பிடி. ஷிமானோ எஸ்எல்எக்ஸில் மாடல் எண் 150 வலது, 151 இடது. ஸ்பின்னிங்கில் இடக்கையால் சுற்றிப் பழகியவர்கள் இடதையே வாங்குங்கள். கடையில் வலதுதான் ஸ்டாக்கில் இருக்கிறது என்பதற்காகக் கையை மாற்றிப் பழக முடியாது.

பட்ஜெட் இறுக்கமென்றால் காந்த பிரேக் கொண்ட அபு கார்சியா பிளாக் மேக்ஸ் நல்ல தொடக்கம். கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஃபியூகோ சிடி, ஷிமானோ எஸ்எல்எக்ஸ் இரண்டிலும் உலோகச் சட்டம் கிடைக்கும். பெயர் தெரியாத ரீல்களில் பெரிய தலைவலி உதிரிபாகம்: ஒரு ஸ்பிரிங் உடைந்தால் மொத்த ரீலும் பேப்பர்வெயிட். ராடையும் (தூண்டில் கோல்) கணக்கில் சேருங்கள். ட்ரிக்கர் பிடியுள்ள காஸ்டிங் ராடு வேண்டும், ஸ்பின்னிங் ராடு உதவாது. ஆறரை முதல் ஏழு அடி நீளம், விறைப்பு மீடியம் ஹெவி.

வாங்கியதும் நேரே தண்ணீருக்குப் போகாதீர்கள். மைதானத்தில், கிரிக்கெட் கோஷ்டி வருமுன் காலையில், முள் இல்லாத 12 கிராம் ஈயக்குண்டு கட்டிப் பழகுங்கள். லைன் 12 அல்லது 14 பவுண்டு நைலான் நரம்பு. வெட்டியெறிய வேண்டி வரும், அதனால் மலிவானது. குண்டைத் தொங்கவிட்டு பட்டனை அழுத்துங்கள். அது மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்குள் தானே நிற்கும்படி டென்ஷன் குமிழை வையுங்கள். பிரேக்கை உச்சத்தில் தொடங்கி, சிக்காமல் போகப் போக ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். கையை வெடுக்கென்று உதறாமல், ராடு வளைந்து தானே வீசும்படி நிதானமாக வீசுங்கள். குண்டு தரையைத் தொடும் கணத்துக்கு முன்பே கட்டைவிரல் ஸ்பூலை முழுக்க நிறுத்தியாக வேண்டும். அந்த வேலையை எந்த பிரேக்கும் உங்களுக்காகச் செய்யாது. வழக்கமான தூரத்துக்கு வீசி, இன்னும் ஐந்து மீட்டர் லைனை உருவிவிட்டு, ஸ்பூலில் ஒரு துண்டு டேப் ஒட்டிச் சுற்றிக்கொண்டால், எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது.

சிக்கினால் பிடுங்கி இழுக்காதீர்கள், முடிச்சு இறுகும். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றி, பிறகு பட்டனை அழுத்தி லைனை மெல்ல உருவுங்கள். பாதி நேரம் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

கை பழகிய பின் பிரெய்டுக்கு மாறலாம். 30 பவுண்டுக்குக் குறைந்தால் மெல்லிய பிரெய்டு அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து அடுத்த வீச்சைச் சட்டென்று நிறுத்தும். பிரெய்டை நேரே ஸ்பூலில் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும். அடியில் சில மீட்டர் நரம்பு சுற்றி அதோடு கட்டுங்கள்.

முட்டுக்காட்டில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், கோடையில் காலை மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், கடல்காற்று எழுந்த பிறகு முதுகில் அடிக்கும். முகக் காற்றுக்கு பிரேக்கை இரண்டு படி ஏற்றுங்கள். அங்கும் பழவேற்காட்டிலும் தண்ணீர் உப்பு. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுக்க இறுக்கி, நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்துக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர விடுங்கள். பிறகு ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். லெவல்வைண்டின் திருகுத் தண்டில் மணல் இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அங்கும் ஒரு சொட்டு. கியருக்கு மட்டும் கிரீஸ். கைப்பிடி அடியிலுள்ள ஒருவழி பேரிங்குக்குள் கிரீஸ் புகுந்துவிட்டால், முள்ளை இழுத்து மாட்டும் நேரத்தில் கைப்பிடி பின்னோக்கி வழுக்கும்.