ஊட்டிக் குளிரில் செல்ஃப் எடுக்காத கார்

தலைகுந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் அங்கே இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அதற்காக விடியற்காலையிலேயே ஊட்டியில் கார் எடுப்பவர்கள் நிறைய. மேட்டுப்பாளையத்திலிருந்து முந்தின நாள் ஒரு குறையுமில்லாமல் ஏறி வந்த வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் முனகிவிட்டு அடங்கும்.

பழியைக் குளிர் மேல் போட்டுவிடுவோம். ஆனால் பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் சமவெளி வெயில்தான். ஏப்ரல், மே வெக்கையில் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் அரிக்கின்றன, தண்ணீர் வற்றுகிறது. அப்படித் தளர்ந்த பேட்டரி ஈரோட்டிலோ திருச்சியிலோ எப்படியோ சமாளித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் வெப்பம் சுழியத்தை ஒட்டி இறங்கும் இரவில், நல்ல பேட்டரியே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுவைத்தான் தரும். ஆயிலும் கெட்டிப்பட்டிருப்பதால் இன்ஜினைச் சுற்ற அதிக விசை வேண்டும். ஏற்கெனவே நலிந்தது அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்து, மீட்டர் விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்து, ஹெட்லைட் பிரகாசமாகவே எரிந்தால் டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை), எர்த் கேபிள் (நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைப்பது) அல்லது செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு பெட்ரோல் பக்கமோ பிளக் பக்கமோ இருக்கிறது.

பயணப் பையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. டிசி 20 வோல்ட்டில் வைத்து, மீட்டரின் முனைகளை, வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. அடுத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முக்கியமான சோதனை இதுதான். நிற்கும்போது 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 8-க்குச் சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. கடுங்குளிரில் 9 வரை இறங்கினால் பொறுக்கலாம். செல்ஃப் அடிக்கும்போதும் 12.4-லேயே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. அப்போது மீட்டரின் ஒரு முனையைக் குமிழிலும் மறு முனையை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து, மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பு கெட்டிருக்கிறது.

பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் டெர்மினலை மலையிலேயே சரிசெய்யலாம். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டித் துடையுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ்தான் முதலில். கையால் அசைத்தால் கிளாம்ப் திரும்பக் கூடாது. மேலே கொஞ்சம் வாசலின்.

சார்ஜ்தான் இல்லையென்றால் ஜம்பர் கேபிள். மெல்லிய வயரில் ரப்பரை மட்டும் தடிமனாகச் சுற்றி விற்பதை வாங்காதீர்கள், சூடாகி ஏமாற்றும். சிறிய பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 வேண்டும். சிவப்பை நின்ற காரின் பாசிட்டிவிலும் உதவும் காரின் பாசிட்டிவிலும், கறுப்பை உதவும் காரின் நெகட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பின் கடைசி முனை நின்ற காரின் பேட்டரியில் அல்ல, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், இரண்டும் சேரக் கூடாது. உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு முயலுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் யோசனையை மட்டும் மலையில் கைவிடுங்கள். இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் உதவாது. ஊட்டியின் விடுதிச் சரிவுகளில் அது உயிருக்கு ஆபத்து. ஆட்டோமேட்டிக் வண்டியை எப்படியும் தள்ளி எடுக்க முடியாது.

ஓடத் தொடங்கியதும் மீட்டரை மறுபடி வையுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி. 12.5-லேயே கிடந்தால் பேட்டரியை மாற்றியும் பயனில்லை, மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் மறுபடி நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கியிருந்தால் இரவில் என்ன எரிந்தது என்று பாருங்கள். பார்க்கிங் விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து 25 வாட், அதாவது இரண்டு ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போய்விடும்; சிறிய கார்களின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது பாதிக்கும் மேல். டேஷ்கேமை நேரடியாகப் பேட்டரியில் இணைத்திருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

பேட்டரிக்கு மூன்று வயது கடந்திருந்தால், செல்ஃப் அடிக்கும் அந்தச் சோதனையைக் கோயம்புத்தூரிலேயே செய்துவிட்டு மலையேறுங்கள். அங்கே 9.6-க்குக் கீழே இறங்கினால், அதே பேட்டரியோடு ஊட்டியில் இரவு தங்காதீர்கள்.