எண்ணெய் போட்ட சரளி வரிசை

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கிறீச்சென்றால் எண்ணெய். வாசல் கேட், டேபிள் ஃபேன், சின்னவனின் சைக்கிள் எல்லாம் அவர் கையால் குடித்தவைதான், இப்போது என் வயலின் வில்லும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, அந்தக் குதிரைவால் முடியில் அடியிலிருந்து நுனி வரை ஓர் இழை விடாமல் தடவி வைத்திருக்கிறார்.

எனக்கு விஷயம் தெரியாது. சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, முதல் ஸ்வரமான ஷட்ஜத்தை இழுத்தால் வில் போகிறது, வருகிறது, சத்தத்தைக் காணோம். வில் முடியில் தேய்க்கிற ரோசின் பிசின் பிடித்திழுத்தால்தானே தந்தி அதிரும்! அடுப்படியிலிருந்து அம்மா, "இன்னைக்குத்தான் நல்லா வந்திருக்கு" என்றாள். சின்னவன் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு படித்தான்.

நானும் என்னதான் செய்வேன்? எல்லோருக்கும் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசைதான். புரந்தரதாசர் செய்த ஏற்பாடு என்பார்கள். அவர் காலத்தில் கர்நாடக சங்கீதத்தில் வயலினே கிடையாது, பாடுகிறவர்களுக்கு வைத்த பாடம் என் விரலில் வந்து விடிந்திருக்கிறது. ரி என்கிற ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி ஒண்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து விரலை விரித்துக் காந்தாரத்துக்குத் தாவினால், மத்யமம் அதன் தோளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். வீணைக்காரர்களுக்காவது விரல் வைக்கும் இடம் காட்ட மெட்டு இருக்கிறது, இங்கே வெறும் கறுப்புப் பலகை.

வயலின் மிஸ் வில்லை முகர்ந்து பார்த்துவிட்டு, முடியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னால், "எண்ணெய் ஆகாதுன்னு முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று என்னையே கேட்கிறார்.

சரி, வில் வரும்வரை விரலால் மீட்டலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரி ஏறிப்போச்சு. கொஞ்சம் இறக்கு" என்றார். இறக்கினேன். பொருந்தியது.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தினமும் ரேடியோவை நிறுத்திட்டு வேற எதைக் கேக்கறேன்?"

அதோடு விட்டாரா, இல்லை. எத்தனை நாளைக்கு இந்தச் சரளியையே அரைப்பே, அடுத்த பாடம் ஜண்டை வரிசை எப்ப ஆரம்பிப்பாங்க, நான் வேணா உங்க மிஸ்கிட்ட பேசட்டுமா என்று இன்று காலையிலிருந்து என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.