அருக்கனும் எருக்கும்: சூரியனார் கோயில்

கும்பகோணம் பக்கத்து ஆடுதுறையில் இறங்கினால் சூரியனார் கோயில் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். ஆனாலும் நேரே போவது முறையில்லை. பக்கத்துத் திருமங்கலக்குடியில் பிராணநாதரையும் மங்களாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். காலவ முனிவரின் தொழுநோயைத் தடுக்கப் போய்ப் பிரமனிடம் சாபம் வாங்கிய ஒன்பது கோள்களும் வெள்ளெருக்கங்காடாக இருந்த இந்த இடத்தில் எருக்கிலையில் தயிர்சாதம் உண்டு நோன்பிருந்தன என்கிறது தலபுராணம்.

ஏன் எருக்கு? விடை வடமொழியில் இருக்கிறது. ‘அர்ச்’ என்றால் ஒளிர்தல், துதித்தல். அதில் பிறந்த ‘அர்க்க’ என்ற சொல் சூரியனையும் குறிக்கும், எருக்கஞ்செடியையும் குறிக்கும். அப்பர் தேவாரத்தில் வரும் ‘அருக்கன்’ இதே சொல்தான். கோனார்க், காசியின் லோலார்க்க குண்டம் இரண்டின் வாலிலும் இதுவே ஒட்டியிருக்கிறது. ஆனால் ‘எருக்கு’ என்ற சொல்லே அர்க்கத்திலிருந்து வந்தது என்று சிலர் அடித்துச் சொல்வதை நம்ப வேண்டாம். கபிலர் புறநானூற்றிலேயே ‘புல்லிலை எருக்கம்’ என்கிறார். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது.

கோயிலைக் கட்டியது முதலாம் குலோத்துங்கன் காலத்தில். கல்வெட்டுப் பெயர் குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம். மார்த்தாண்டன் என்ற சூரியனின் பெயரை மிருத + அண்டம், அதாவது இறந்த முட்டை என்று பிரிப்பார்கள். கேட்க அமங்கலமாக இருக்கும். ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தில் தேவர்களின் தாய் அதிதி ஏழு பிள்ளைகளோடு தேவர்களிடம் போகிறாள், எட்டாவதான மார்த்தாண்டனை எறிந்துவிடுகிறாள். பிறகு பிறப்புக்கும் இறப்புக்குமாக அவனையே திரும்பக் கொண்டுவருகிறாள். தினமும் மறைந்து முளைப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

உள்ளே கோள்தீர்த்த விநாயகர், காசி விசுவநாதர், விசாலாட்சி, அதன்பின் மூலவர். மேற்குப் பார்த்து நிற்கும் சூரியனுக்கு இருபுறமும் தேவியர், எதிரே குரு. மற்றக் கோள்களுக்குத் தனித்தனிச் சந்நிதி. அவசரத்தில் பலர் மூலவரோடு திரும்பிவிடுகிறார்கள். எல்லாச் சந்நிதியும் முடித்து ஒன்பது சுற்று வருவதுதான் வழக்கம். செந்தாமரையும் கோதுமையும் கொண்டுபோகலாம்.

சூரியனுக்குரிய நாளான தை மாத ரதசப்தமியன்று ஏழு எருக்கிலைகளைத் தலையில் ஒன்று, தோள்களில் இரண்டு, முழங்கால்களில் இரண்டு, பாதங்களில் இரண்டு என வைத்துக் குளிப்பார்கள். இடங்கள் வீட்டுக்கு வீடு சற்று மாறும். விடியலில் அவசரமாகப் பறித்தால் காம்பிலிருந்து வெள்ளைப் பால் சொட்டும். கண்ணில் பட்டால் எரிச்சலோடு போகாது, பார்வையையே மங்கச் செய்யும். முதல் நாள் மாலையே பறித்துக் காம்பைக் கழுவி வையுங்கள். தலையில் வைக்கும் இலை நெற்றிப் பக்கம் சரியாமல், காம்பு பின்பக்கம் இருக்கட்டும்.