தந்தையின் லாரிக்கு மறுபடியும் சாவி செய்த கதை

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனையோலைக் கொட்டகையில் நிற்பது, என் தந்தை கருவாடும் உப்பும் ஏற்றி மதுரைக்கு ஓட்டிய பழைய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1969இல் முடிந்துபோனதால், முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் உள்ள வண்டியை இப்போது பார்ப்பதே அரிது. சென்ற ஆடி மாதம், கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு நாள், பாம்பனில் வள்ளத்திலிருந்து இறங்கும்போது என் மடியிலிருந்த சாவிக்கொத்து நழுவிக் கடலில் விழுந்தது. ஸ்விட்ச் சாவி, கதவுச் சாவி, டீசல் மூடிச் சாவி மூன்றும் ஒரே வளையத்தில் இருந்தன. மாற்றுச் சாவி என்று எதுவும் எங்களிடம் இருந்ததில்லை.

கண்ணாடி முழுவதும் ஏறாமல் விட்டிருந்த விரலிடைச் சந்து வழியே கம்பியை விட்டு உள்கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தேன். ஸ்விட்ச் சாவி பெரிய கவலையாக இல்லை. இத்தகைய பழைய டீசல் எஞ்சினில் சாவியின் வேலை ஸ்டார்ட்டருக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் விடுவதோடு முடிந்துவிடும். ஓடத் தொடங்கிய எஞ்சின், டீசலை அடைக்கும் குமிழை இழுக்கும்வரை நிற்காது. புதிய ஸ்விட்ச் வாங்கி ஒயர்களை மாற்றியதில் அந்த வேலை அரை நாளில் தீர்ந்தது. கதவுகள்தாம் இரண்டு மாதங்களைத் தின்றன.

சேசிஸ் எண்ணைச் சொன்னால் பூட்டின் எண் கிடைத்துவிடும் என்று நம்பி உதிரிபாகக் கடை ஏறியது என் அறியாமை. அந்தக் காலத்து லாரிகள் பெரும்பாலும் எஞ்சினும் சேசிஸும் முகப்புமாகவே விற்கப்பட்டன. கேபினை மரச்சட்டமும் தகடும் கொண்டு பாடி கட்டும் பட்டறைக்காரர்களே கட்டினார்கள், பூட்டையும் அவர்களே கடைத்தெருவில் வாங்கிப் பொருத்தினார்கள்.

கைப்பிடியோடு சேர்ந்திருந்த ஓட்டுநர் பக்கப் பூட்டு உப்புக் காற்றில் அடியோடு இறுகியிருந்தது. பட்டறை ஒன்றில் அதைக் கேஸ் வெல்டிங் சுடரில் காட்டினார்கள். அதன் கூடு இரும்பன்று, துத்தநாகக் கலவையில் வார்த்த மசாக். துத்தநாகமே 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். கைப்பிடி கண்ணெதிரே குழைந்து தொங்கியது. மறுபக்கப் பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் இரண்டு இரவுகள் ஊறப்போட்டு, வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்த அரிப்பைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்ததிலேயே அது இளகிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு இராமநாதபுரத்தில் சாவி செய்யும் பெரியவரிடம் போனேன். "ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. "இதோ இருக்கு பாய்" என்று கொடுத்தேன். பூட்டின் உருளைக்குள் ஸ்பிரிங் வைத்த பித்தளைத் தகடுகள் ஐந்து இருந்தன. சாவி இல்லாதபோது அவை வெளியே நீட்டிக் கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் ஐந்தும் உருளையின் மட்டத்துக்கு வந்துவிடும், உருளை சுழலும். பெரியவர் பல் வெட்டாத சாவியை நுழைப்பதும், எந்தத் தகடு துருத்துகிறது என்று பார்ப்பதும், அந்த இடத்தை அரத்தால் இரண்டு இழுப்பு ராவுவதுமாக ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். நீட்டிய தகட்டையே ராவிவிடுவது சுலபம், ஆனால் அப்புறம் எந்தச் சாவிக்கும் பூட்டு திறக்கும் என்று சிரித்தார்.

பூட்டு கையில் இருந்தபோது வழுக்கிச் சுழன்ற அந்தச் சாவி, பூட்டைக் கதவில் மாட்டிய மறுநாளே உள்ளே முறிந்தது. குற்றம் சாவியினுடையதும் அல்ல, பூட்டினுடையதும் அல்ல. கீல் ஆணிகள் தேய்ந்து கதவு ஒரு விரற்கடை தொங்கியிருந்தது. பூட்டின் நாக்கு கதவுத் தூணிலுள்ள தட்டில் இறுகிக் கிடந்தது. பழைய சாவி இருந்தபோது நாங்கள் கதவைத் தோளால் தூக்கிக்கொண்டே திருப்பிப் பழகியிருந்ததால் இத்தனை ஆண்டுகளாக அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மெல்லிய ரம்ப பிளேடால் முறிந்த துண்டைக் கொக்கிபோட்டு இழுத்தேன். லேத்தில் புதிய ஆணிகளும் புஷ்களும் கடைந்து, கதவுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பொருத்தி, தட்டின் துளைகளை நீளமாக்கி நாக்குக்கு நேரே நகர்த்தினேன். இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு சாவியின் கூலி மிஞ்சியிருக்கும்.

ஓட்டுநர் பக்கத்துக்கு மதுரையில் பழைய கைப்பிடி ஒன்று கிடைத்தது. அதன் தகடுகளை மாற்றி அடுக்கி, ஒன்றுக்கு மட்டும் வேறு தகடு போட்டு, இரண்டு கதவுகளுக்கும் ஒரே சாவி பொருந்துமாறு பெரியவர் செய்து கொடுத்தார். எண்ணெய் விட்டால் மணலும் தூசியும் ஒட்டிப் பசையாகிவிடும் என்பதால், பென்சில் முனையைச் சுரண்டிய பொடியைத்தான் இப்போது மாதம் ஒருமுறை பூட்டுக்குள் ஊதுகிறேன்.

மூன்று சாவிகள் வெட்டச் சொன்னேன். ஒன்று என்னிடமும், ஒன்று அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலும், ஒன்று பரமக்குடியில் அக்கா வீட்டிலும் இருக்கின்றன. டீசல் மூடியை இன்னும் கம்பியால்தான் கட்டி வைத்திருக்கிறேன்.