விதிமீறல் என்று எழுதிய கடிதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் நலப் பிரிவில் அறிவிப்புகளையும் அறிக்கைகளையும் எழுதுவது என் வேலை. அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை, கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஃபிரட்டர்னிட்டி என்னும் மாணவர் சங்கங்களைப் பற்றிய வரிகள்தாம்.

‘ஃபிராட்’ என்று சுருக்கி எழுதினால் சங்கத்தாரிடமிருந்து உடனே மறுப்பு வந்துவிடும். குடியும் கும்மாளமுமான ஒரு வீட்டின் படம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக அவர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய, மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் உறுப்பினரான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவையும் விருந்துக்கென்றே பேர்போன சங்கத்தையும் ஒரே சொல்லில் அடக்குவது சரியல்ல.

ஆனால் சங்கங்கள் தாமே மாற்றிய சொற்களைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. சேர்வதற்கு முன் மூத்தவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டியவனைப் ‘பிளெட்ஜ்’ என்பார்கள். லாம்ப்டா கை ஆல்ஃபா 1972-இலேயே அந்த நிலையை நீக்கி, இணை உறுப்பினர் என்று அழைக்கத் தொடங்கியது. 1990-இல் கறுப்பினச் சங்கங்களும் அந்த முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டன. ஆயினும் சில கிளைகளில் அது மறைவாகத் தொடர்ந்தது. பெயர் மாறியதும் வழக்கமும் மாறிவிட்டதாக வெளியே இருப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

அந்த நம்பிக்கைக்கு நானும் துணைபோயிருக்கிறேன். ஒரு சங்கத்தில் புதிய மாணவர்களை இரவு முழுவதும் உறங்கவிடாமல் நிற்க வைத்தார்கள். பெற்றோருக்கான கடிதத்தில் நான் அதை ‘ஹேசிங்’, அதாவது நம் ஊர் ராகிங் போன்ற வதை, என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு, ‘புதிய உறுப்பினர் நடவடிக்கைகளில் ஏற்பட்ட விதிமீறல்’ என்று திருத்தினார். ராகிங் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி 1997-இல் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் நான். கொடுமையை அதன் பெயரால் அழைப்பது ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, “என் மகன் என்ன விதியை மீறினான்?” என்று கேட்டார். துன்பப்பட்டவனையே குற்றவாளியாக எண்ண வைத்திருந்தது எங்கள் வாக்கியம்.

2017-இல் பென்சில்வேனியாவில் ஒரு சங்க வீட்டில் அளவுமீறிக் குடிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவர் கீழே விழுந்து உயிரிழந்தார். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஹேசிங் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், குற்றம் உறுதியான சங்கத்தின் பெயரையும் நடந்ததன் விவரத்தையும் பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. இப்போது வரைவு எழுத உட்காரும்போது, யார், யாரை, என்ன செய்தார்கள் என்பதைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன். அதை யாராவது அடித்தால், அந்தத் தாயின் கேள்வியை அவரிடம் சொல்கிறேன்.