அருவியாற்று மணலில் மட்டம் பார்த்த பயணம்

மடு மாதா கோவில் திருவிழாக் காலத்தில் வவுனியாவிலிருந்து மன்னார் பஸ்ஸில் ஏறுவது பெருந்துன்பம். நிலமட்டம் அளக்கும் ஆளுயர அளவுத்தண்டை நெஞ்சோடு அணைத்தபடி, மடு றோட்டுச் சந்தி வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து குஞ்சுக்குளத்துக்குப் போக ஓட்டோக்காரர் கேட்டது 2,500 ரூபா. வெளியூர் யாத்திரிகர் என்று எண்ணிச் சொன்ன அந்த விலை பகற்கொள்ளை. கையிலிருந்த பணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

றிட்டிகலை மலைப்பக்கம் பிறந்து 164 கிலோமீற்றர் ஓடிவரும் அருவியாற்றைக் குஞ்சுக்குளத்திலுள்ள தேக்கம் என்னும் அணைக்கட்டில் மறித்துத்தான் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் திருப்புகிறார்கள். அணைக்குக் கீழே, வற்றிக் கிடந்த படுகையின் உயர வேறுபாடுகளை அளந்து படமாக்குவதே எங்கள் வேலை.

அமெரிக்கப் பாலைநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்த மாபெரும் பள்ளத்தாக்கை 1902 இல் நில அளவையாளர் பிரான்சுவா மத்தேஸ் படமாக்கத் தொடங்கியபோது, அதன் விளிம்பில் வரைமேசையை (களத்திலேயே படம் வரையும் முக்காலி மேசை) நிறுத்தி, மரம் மறைக்காத பாறை முகடுகளைத் தொலைவிலிருந்தே குறிவைக்க முடிந்தது. 1923 இல் இன்னோர் அளவைக் குழு படகுகளில் இறங்கி ஆற்றின் போக்கையே அளந்தது. ஒரு மைல் ஆழமான அந்தப் பள்ளத்தைவிட எங்கள் தட்டையான வன்னியாறு அளப்பதற்குக் கடினமானது என்று உறுதியாகச் சொல்வேன். இடவிளக்கப்படத்தில் இங்கே சமவுயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மிக அரிதாகவே வரும். மேலிருந்து எடுக்கும் படத்தில் மருத மரங்களின் தலைகள் மட்டுமே தெரியும். கரைக் காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் பார்வை செல்லாது. பார்வைக்கோடு தடையின்றி ஓடும் ஒரே இடம் கோடையில் வெளிப்படும் மணற்படுகைதான்.

ஆகவே மணலில் முக்காலியை ஊன்றி, அதன்மேல் வைத்த மட்டக் கருவியின் குமிழியை நடுவே நிறுத்தி, முன்னும் பின்னும் அளவெடுத்தபடி வளைவு வளைவாக நகர்ந்தோம். ஒரு மருதங்கவட்டில், என் தலைக்கு வெகு மேலே, வைக்கோலும் பொலித்தீனும் சிக்கியிருந்தன. "தம்பி, அதுதான் மாரி வெள்ளம் நிண்ட மட்டம், அதையும் எழுது" என்றார் அளவையாளர் அண்ணை. தண்டை முழுதாக நீட்டியும் அது எட்டவில்லை. அரித்துப்போன கரையில், வண்டலும் பருமணலும் மாறிமாறி அடுக்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

மதியம் ஊர் அக்கா ஒருவர் விரால் குழம்பும் முருங்கையிலை வறையும் சிவப்பரிசிச் சோறும் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அத்தகைய சாப்பாடு வவுனியாக் கடை எதிலும் கிடையாது.

போக விரும்புவோர் ஆடி, ஆவணியில் போங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் படுகையில் கால்வைக்க முடியாது. திருவிழாக் கிழமையைத் தவிருங்கள், ஓட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.